ரோலர் ஓடாத ஞாயிற்றுக்கிழமை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டைனோசர் முட்டை எதையும் கண்டுபிடிக்கவில்லை.

நான் வேலை பார்த்த ஓசூர் ஃபவுண்டரியின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. எக்ஸ்ரே பிரிவை ஒட்டியிருந்த டார்க் ரூமை இடிக்கிறார்கள். இனி ஃபிலிம் கிடையாது, படமெல்லாம் நேராகக் கம்ப்யூட்டர் திரையில் வந்துவிடும். அந்தப் படத்தின் கீழே, நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்த ஒரு பெண் கேட்டிருந்தாள்: “சரோஜா மேடம் டைனோசர் முட்டை கண்டுபுடிச்சது இந்த ரூம்லதானா?” உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். முட்டை பூசணிக்காய் அளவு என்றார் ஒருவர். உள்ளே குட்டியின் கால் நகம்கூடத் தெரிந்தது என்றார் மெல்டிங் பிரிவுக்காரர் ஒருவர். அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்தவரில்லை. ஓய்வு பெற்று மூன்று வருடத்துக்குள் இவ்வளவு என்றால், இன்னும் பத்து வருடத்தில் அந்த முட்டையை நானே போட்டதாகச் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

டார்க் ரூமை இடிப்பதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. ஃபிலிம் கழுவும் ஃபிக்சர் திரவத்தின் வாடை முப்பது வருடம் என் புடவையை விட்டுப் போகவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறப்பார்கள். கம்ப்யூட்டர் நன்றாக வரட்டும். அன்றைக்கு அது இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவ்வளவு படபடப்பு இருந்திருக்காது. ஆனால் அவ்வளவு சந்தோஷமும் இருந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு ஊர் பாரூர். டிப்ளமா முடித்து ஓசூருக்கு வந்து, டார்க் ரூமில் ஃபிலிம் கழுவும் வேலையில் சேர்ந்து, பரீட்சைகள் எழுதி, ஃபிலிமைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு வந்தேன். என் பயிற்சிக்காலம் இந்த ஒரு வாக்கியம்தான். வேலையைச் சொல்கிறேன். ஃபவுண்டரியில் இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி லாரிக்கும் பம்புக்கும் பாகங்கள், அதாவது காஸ்டிங்குகள், செய்வார்கள். வெளியே பார்க்க லட்சணமாக இருக்கும் பாகத்துக்குள் காற்றுக் குமிழோ வெடிப்போ இருக்கலாம். பாகத்தின் ஒரு பக்கம் இரிடியம் என்ற கதிரியக்கப் பொருளை வைத்து, மறுபக்கம் ஃபிலிமை வைத்துக் கதிரை ஊடுருவ விடுவோம். உள்ளே ஓட்டை இருக்கும் இடம் ஃபிலிமில் கறுப்பாக விழும், கெட்டியான இடம் வெளுத்திருக்கும். உள்ளே எதுவும் இல்லையென்றால் பாஸ். ஏதாவது இருந்தால் ரிஜெக்ட். நான் தயவு தாட்சண்யம் பார்க்காமல் ரிஜெக்ட் போடுவேன். உற்பத்தி மேனேஜர் மேசையைத் தட்டினாலும் சரி, டெஸ்பாட்ச் லாரி வாசலில் ஹாரன் அடித்தாலும் சரி, அசைய மாட்டேன். “ரிஜெக்ட் சரோஜா” என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவார்கள் என்பது தெரியும். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

எங்கள் பிரிவுத் தலைவர் வெங்கட்ராமப்பா சார் பாகலூர்க்காரர், ஓய்வு வயது தாண்டியும் கம்பெனி அவரை விடவில்லை. வீட்டில் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும். ஃபிலிமை வியூவர் விளக்கின் மேல் வைத்ததும் பேச மாட்டார். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் சும்மா நிற்பார். பிறகு ஃபிலிமைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். அதன் பிறகுதான், “என்னம்மா தெரியுது?” என்பார். “கிராக் சார்” என்று சொல்லிவிட்டால் போச்சு. “நான் என்ன இக்குதுன்னு கேக்கல. என்ன தெரியுதுன்னு கேட்டன்” என்பார். கறுப்புக் கோடு தெரிகிறது, இத்தனை மில்லிமீட்டர் நீளம், இந்த ஓரத்திலிருந்து இவ்வளவு தள்ளி என்று சொல்ல வேண்டும். அது கிராக்கா இல்லையா என்பது கடைசியில்தான் வரும். வேகமாகத் தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. என்னையும் பாதி நாள் அவருக்கு ஆகாது.

ஃபிலிம் படிக்க ஆரம்பித்த இரண்டாம் வருடம் ஒரு கூத்து நடந்தது. பம்ப் பாகங்கள் பன்னிரண்டில் வரிசையாகக் கோடுகள் கண்டு, அத்தனையையும் ரிஜெக்ட் போட்டுச் சிவப்புப் பெயின்ட்டும் அடித்துவிட்டேன். சார் வந்தார், ஸ்கேல் வைத்து அளந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ஒரே தூரம். “காஸ்டிங்கு இப்பிடி அளவெடுத்து வெடிக்குமாம்மா?” என்று கேட்டார். ஃபிலிமைக் கழுவும் மெஷினுக்குள் ரப்பர் ரோலர்கள் சுற்றும். ஒன்றில் அழுக்கு ஒட்டியிருந்தால் அது சுற்றுக்கு ஒரு தடவை ஃபிலிமில் கோடு போடும். கோளாறு பாகத்தில் இல்லை, ரோலரில். பன்னிரண்டு பாகத்தின் சிவப்புப் பெயின்ட்டையும் தின்னர் போட்டு நானே துடைத்தேன். அன்றிலிருந்து ரோலர் மார்க்கை நூறடி தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடுவேன் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமைதான் பிற்பாடு என்னைக் கவிழ்த்தது.

எங்கள் ஃபவுண்டரியில் பாகங்களின் பிசிறைத் தேய்க்கும் பிரிவில் செல்வராசு என்று ஒருவர் இருந்தார். அரியலூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட நான்கைந்து வயது இளையவர். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், ஒரு சனிக்கிழமை காலை, தோளில் சாக்கு மூட்டையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இரவெல்லாம் பேருந்தில் வந்த முகம்.

“அக்கா, ஒங்க வீட்டு மாடியில கல்லு டீச்சர் இருக்காங்கன்னு சொன்னீங்கள்ல, அவங்களக் கொஞ்சம் கூப்புடுங்க” என்றார்.

மாடியில் குடியிருந்தவள் பூங்கொடி. அரசுக் கல்லூரி ஒன்றில் நிலவியல், அதாவது பாறைகளைப் பற்றிய படிப்பு, நடத்துபவள். நாற்பது வயதிருக்கும். நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். மாணவர்களைப் பர்கூர் கிரானைட் குவாரிகளுக்கு அழைத்துப் போய்விட்டு வரும் நாட்களில் மாடிப்படி முழுக்கக் கல் தூசு இருக்கும். அவளுக்கு ஒரே ஒரு குறை. அவள் ஆராய்ச்சி செய்தது புதைபடிவங்களை, அதாவது கல்லாகிப்போன உயிரினங்களை. வேலை கிடைத்ததோ கிரானைட் சீமையில்.

“இந்தப் பக்கத்துக் கல்லெல்லாம் ரொம்பப் பழசுக்கா. இது உருவானப்ப உலகத்துல எலும்பு வச்ச ஜீவன், ஓடு வச்ச ஜீவன் ஒண்ணுகூடக் கெடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமி மட்டும்தான். பர்கூர்லேந்து ஓசூர் வரைக்கும் மலை மலையா ஒடச்சாலும் ஒரு நத்தைகூடக் கெடைக்காது” என்று அடிக்கடி புலம்புவாள். நாங்கள் அப்பேர்ப்பட்ட பழைய பாறையில் கடைக்கால் போட்டு வீடு கட்டியிருக்கிறோம் என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம்.

செல்வராசு சாக்கை அவிழ்த்தார். நீள்உருண்டையாக, கொஞ்சம் தட்டையான ஒரு கல். மண் நிறம். அகலம் ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும், கனம் அதில் பாதி. பூங்கொடி மாடிப்படியில் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். அந்தக் கல்லைத் தொட்டதும் அவள் முகம் போன போக்கை நான் அதுவரை பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். செல்வராசுவின் தம்பி மணிவேல் ஊரில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் பொக்லைன் ஓட்டுகிறார். வியாழக்கிழமை ஒரு மூலையைத் தோண்டும்போது இப்படி முப்பது நாற்பது கற்கள் ஒரே அடுக்கில் கிடந்திருக்கின்றன. மணிவேல் தானாகவே மெஷினை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் டைனோசர் முட்டை என்று ஊர் திரண்டுவிட்டது. சைட் இன்ஜினீயர் வந்து, உடைந்து கிடந்த ஒன்றைப் பார்த்தார். உள்ளே வெறும் மண் நிறக் கல். திங்கட்கிழமை காலை எட்டு மணி வரை நேரம் கொடுத்தார். அதற்குள் படித்தவர் யாராவது வந்து இது முட்டைதான் என்று சொன்னால் அந்த மூலையை விட்டுவிடுவார். இல்லையென்றால் எட்டு மணிக்கு மெஷின் ஓடும், கற்கள் கிரஷருக்குப் போகும், வேலையைக் கெடுத்த மணிவேல் வீட்டுக்குப் போகலாம்.

“மூணு புள்ளைங்கக்கா அவனுக்கு. அந்த மெஷின உட்டா வேற தொழில் தெரியாது” என்றார் செல்வராசு.

பூங்கொடி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “வெளிய பாத்து சொல்ல முடியலீங்க. தேஞ்சு போயிருக்கு. முட்டையா இருந்து, உள்ள கரு இருந்தா, ஒடச்சா போச்சு. ஒடைக்காம உள்ள பாக்கணும்” என்றாள். சொல்லிவிட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். செல்வராசுவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கல்லைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட இருநூறு மைல் வந்தது டீச்சருக்காக மட்டுமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெங்கட்ராமப்பா சாருக்கு போன் போட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “எத்தன இஞ்சு கனம்?” என்று மட்டும் கேட்டார். பிறகு மேலிடத்தில் அனுமதி வாங்கி, டிரையல் வேலை என்று பதிவேட்டில் எழுதி, ஞாயிறு காலை தானே வருவதாகச் சொன்னார். கதிர்ப் பாதுகாப்புக்குப் பொறுப்பு அவர்தான், அவர் இல்லாமல் இரிடியத்தை வெளியே எடுக்கக் கூடாது. பூங்கொடி சாயங்காலமே குவாரிக்குக் கிளம்பிவிட்டாள். கற்கள் கிடக்கும் மண்ணையும் அடுக்கையும் நேரில் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாதாம். “நீங்க சொல்றதுதான்கா எனக்குக் கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபவுண்டரி வெறிச்சென்று இருந்தது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே கயிறு கட்டி, சிவப்பு விளக்கைப் போட்டு, சார் கையில் கதிரை அளக்கும் மீட்டரோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். கல்லை மரக்கட்டைகளின் மேல் வைத்து, அடியில் ஃபிலிம் கேசட்டைச் செருகி, ஓரத்தில் எண் எழுத்துகளை ஒட்டினேன். செல்வராசுவைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தினோம். அவர் கும்பிடும் நிலையிலேயே நின்றார். பிடியைச் சுற்றினேன். கேபிளோடு இரிடியம் வெளியே போனதும் மீட்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. இரிடியம் பலவீனமாகியிருந்த நாட்கள் அவை, நாற்பது நிமிடம் வைத்தேன்.

பிறகு டார்க் ரூமுக்குள் போய், சிவப்பு விளக்கில், ஃபிலிமை ஸ்டீல் சட்டத்தில் மாட்டித் தொட்டியில் இறக்கினேன். டெவலப்பரில் ஐந்து நிமிடம் ஆட்டி, தண்ணீரில் முக்கி, ஃபிக்சரில் போட்டு, கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வியூவரில் வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு குட்டி டைனோசர் சுருண்டு படுத்திருக்கும் என்றே நம்பினேன்.

நடுவில் வெளேரென்று இருந்தது. எலும்பு இல்லை, கரு இல்லை. ஒரு ஓரத்தில் மட்டும் மங்கலாக நாலைந்து கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. பார்த்த மாத்திரத்தில் என் வாய் சொல்லிவிட்டது: ரோலர் மார்க்.

அவ்வளவு ஏமாற்றம் எனக்கு. ஃபிலிமைச் சுருட்டிக் கழிவுப் பெட்டியில் எறிந்தேன். வெளியே வந்து செல்வராசுவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். பூங்கொடிக்கு போன் செய்து, “டீச்சர், உள்ள ஒண்ணும் இல்ல. சாலிட் கல்லு” என்றேன்.

“நிச்சயமாக்கா?”

“முப்பது வருசமா பாக்கறன் டீச்சர்.”

“சரிங்கக்கா. இன்ஜினீயர் பக்கத்துலதான் இருக்காரு. சொல்லிடறேன்” என்று வைத்துவிட்டாள். செல்வராசு கல்லைச் சாக்கில் போடக் குனிந்தார். கயிறு கட்டத் தெரியாதவர் போல் வெகு நேரம் கட்டிக்கொண்டிருந்தார்.

சார் இரிடியத்தைப் பூட்டிவிட்டுப் பதிவேட்டோடு உள்ளே வந்தார். “ஃபிலிம் எங்கம்மா?”

“ஸ்கிராப்புல போட்டுட்டன் சார். நடுவுல க்ளீனா இக்குது. ஓரத்துல ரோலர் மார்க்கு.”

சார் பேனாவை மூடினார். “ரோலர் மார்க்கா?”

“ஆமா சார். நாலஞ்சு கோடு.”

அவர் டார்க் ரூம் மேசையைக் காட்டினார். எங்கள் பிரிவில் சனிக்கிழமை சாயங்காலம் மெஷினைக் கழுவி, ரோலர்களைக் கழற்றி, துணி விரித்துக் காயவைப்பது வழக்கம். எட்டு ரோலர்களும் அந்த மேசையில் வரிசையாகப் படுத்திருந்தன. நானேதான் முந்தின நாள் கழற்றி வைத்தவள். அந்த ஃபிலிமை இந்தக் கையால் தொட்டியில் ஆட்டிக் கழுவினேன். அது எந்த ரோலரையும் தொடவே இல்லை.

“ரோலரு இங்க தூங்குது. மார்க்கு யாரம்மா போட்டது?” என்றார் சார்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு வெட்கம் பட்டதில்லை. கழிவுப் பெட்டிக்குள் தலையை விட்டு அந்தச் சுருளைத் தேடி எடுத்தேன். வியூவரில் வைத்தேன். சார் வழக்கம்போல ஒரு நிமிடம் நின்றார், தலைகீழாகத் திருப்பினார், “என்ன தெரியுது?” என்றார்.

“வெளுத்த கோடு. அஞ்சு. நேரா இல்ல சார், வளஞ்சிருக்குது.”

“நடுவுல தூரம்?”

ஸ்கேலை வைத்தேன். முதல் இரண்டு கோட்டுக்கு நடுவில் எட்டு மில்லிமீட்டர். அடுத்தது ஒன்பது. அதற்கடுத்தது பத்தரை. அதற்கடுத்தது பன்னிரண்டு. மறுபடியும் அளந்தேன். அதேதான். எட்டு, ஒன்பது, பத்தரை, பன்னிரண்டு.

“ரோலரு வளருமா சரோஜம்மா?” என்று கேட்டார் சார். அவர் குரலும் மாறியிருந்தது.

“வளராது சார். இது ஏதோ வளந்தது.” கத்தியேவிட்டேன். “சார், இது வளந்திருக்குது!”

“நடுவுல வெள்ளையா இக்குதுன்னா க்ளீன்னா அர்த்தம்? கதிரே அங்க போய்ச் சேரலம்மா. மறுபடி எடு. ரெட்டிப்பு நேரம்.”

செல்வராசு மூட்டையை அவிழ்க்கும் வேகத்தைப் பார்க்க வேண்டுமே! எண்பது நிமிடம். அந்த எண்பது நிமிடத்தில் நான் அந்த வராந்தாவை எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. இடையில் பூங்கொடிக்கு நான்கு முறை போன் போட்டேன். கிடைக்கவில்லை. இன்ஜினீயரிடம் அவள் அதற்குள் சொல்லியே இருப்பாள்.

இரண்டாவது ஃபிலிம் ஃபிக்சரில் இருக்கும்போதே சிவப்பு விளக்கில் தூக்கிப் பார்த்துவிட்டேன். பொறுக்க முடியவில்லை. வியூவரில் வைத்ததும் மூன்று பேரும் அதன் மேல் குனிந்தோம். கல்லுக்குள்ளே, கைமுறுக்கு சுற்றியது போல, நடுவில் ஒரு புள்ளியிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வந்தது ஒரு வடிவம். சுற்று முழுவதும் குறுக்கே தடுப்புச் சுவர்கள். உள்ளே ஊசி முனை அளவில் அறைகள், போகப் போகப் பெரிய அறைகள். சில அறைகள் காலியாக இருந்து கறுப்பாக விழுந்திருந்தன. இரும்புக்குள் இத்தனை வருடம் நான் பார்த்ததெல்லாம் ஓட்டையும் வெடிப்பும்தான். இவ்வளவு நேர்த்தியான ஒன்றை யாரோ உள்ளே உட்கார்ந்து கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வெங்கட்ராமப்பா சார் தெலுங்கில் “அம்மா, அம்மா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியூவரோடு சேர்த்துச் செல்போனில் படம் பிடித்தோம். செல்வராசு தம்பியின் எண்ணுக்குப் போட, மணிவேல் ஓடிப்போய்ப் பூங்கொடியிடம் போனைக் கொடுத்தார். ஊர் எல்லைக் கோயிலின் மதிலருகே தனியாக உட்கார்ந்திருந்தாளாம். படம் போய்ச் சேர்ந்தது. அப்புறம் அவள் போட்ட கூச்சலில் செல்வராசு போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

“அக்கா! அம்மோனைட்டுக்கா! கடல் பிராணி! இங்க கடல் இருந்திருக்குக்கா!”

“அப்ப முட்டை?”

“முட்டையே இல்லக்கா!” அவள் அதைச் சொன்ன சந்தோஷத்தைப் பார்த்தால் முட்டை இல்லாததுதான் பெரிய பாக்கியம் என்று தோன்றும். டைனோசர்கள் தரையில் திரிந்த காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் கடலாம். அந்தக் கடலில் இந்தப் பிராணி மிதந்ததாம். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தமாம். வளர வளரத் தன் ஓட்டில் முன்பக்கம் ஒரு பெரிய அறை கட்டிக் குடிபோகும், பழைய அறையைச் சுவர் வைத்து மூடிவிடும். மூடிய அறைகளில் காற்றை நிரப்பி மிதக்கும். டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில் இதன் வம்சமும் பூண்டோடு போய்விட்டதாம். “ஒரு அடுக்கு முழுக்க இருக்குக்கா. ஒரே எடத்துல செத்து அடங்கியிருக்கு. எப்படிச் செத்துச்சு, என்ன ஆச்சுன்னு அந்த மண்ணுலதான் எழுதியிருக்கும்” என்றாள்.

செல்வராசுதான் நடப்புக்கு வந்தார். “டீச்சர், இன்ஜினீயரு முட்டையான்னுதானே கேட்டாரு? முட்டைன்னாத்தானே நிறுத்துவேன்னாரு?”

பூங்கொடி அடங்கிப்போனாள். “ஆமாண்ணே. ஒண்ணும் இல்லன்னு மதியமே வேற சொல்லிட்டேன்.”

எனக்கு ஒன்று தோன்றியது. மறைக்காமல் எழுதிவிடுகிறேன். “டீச்சர், முட்டைன்னே சொல்லிடுங்களேன். அவருக்கு என்னா தெரியப் போவுது? மெஷின் நிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். செல்வராசு வேகமாகத் தலையாட்டினார்.

“மாட்டேன்கா” என்றாள் பூங்கொடி. “இவ்வளவு ரூம் கட்டி வச்சிருக்கு அது. அதப் பாத்துட்டு என் வாயால முட்டைன்னு எப்படிச் சொல்றது?”

வெங்கட்ராமப்பா சார் குறுக்கே வந்து, “பேப்பரு அனுப்பலாம். இன்ஜினீயருங்களுக்குப் பேப்பரு வேணும்” என்றார். எங்கள் ஆய்வறிக்கைப் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். முதல் ஃபிலிம், வாசிப்புத் தவறு. காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். “ரோலரு மேல போடாத” என்றார். ‘வாசித்தவர் கவனமின்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் ஃபிலிம், சுருள் வடிவ ஓடு, எண்ணத் தெரிந்தவரை நாற்பத்தொரு தடுப்புச் சுவர்கள். அதற்கும் கையெழுத்துப் போட்டேன். அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனோம். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அதிகாரிகள் வந்ததும், அந்த அடுக்கை வரைந்து எண் போட்டதும், பெரிய கட்டுரை ஆனதும் பூங்கொடி எழுத வேண்டிய கதை. என் பங்கு திங்கட்கிழமை காலை ஒரு போன் காலோடு முடிந்தது.

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என் போன் அடித்தது. வருகைக்குப் பஞ்ச் வைத்துவிட்டு எக்ஸ்ரே அறை வாசலில் நின்றிருந்தேன். பக்கத்தில் சாரும் செல்வராசுவும். பூங்கொடி, “அக்கா, இன்ஜினீயர் சார் உங்ககிட்ட பேசணுமாம்” என்று கொடுத்தாள். பின்னணியில் பொக்லைன் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

“ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது நீங்களாம்மா?” என்றார் இன்ஜினீயர்.

“ஆமாங்க சார்.”

“நேத்து மதியம் உள்ள ஒண்ணுமே இல்லன்னு சொன்னது?”

“அதுவும் நான்தாங்க.”

“டீச்சர் முட்டை இல்லங்கிறாங்க. நீங்க நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. நான் எத நம்பி மெஷின நிறுத்தறது? இன்னிக்குச் சொல்றதும் தப்பா இருந்தா?”

முப்பது வருடம் மேனேஜர்களிடம் சத்தம் போட்டே பழகிய வாய் இது. அன்றைக்குச் சத்தம் வரவில்லை.

“நேத்து நான் அந்தக் கோட்டப் பாத்தங்க. பாத்துட்டுத் தூக்கிப் போட்டுட்டன். என் தப்புதான். ஆனா கல்லு அங்கயே இருந்திச்சு, அதனால மறுபடி எடுத்துப் பாத்துட்டன். இன்னிக்கு நான் சொல்றது தப்புன்னா உங்க மெஷின் நாளைக்கு ஓடும் சார். நாளான்னைக்கும் ஓடும். நீங்க இப்ப ஓட்டிட்டு, அது தப்புன்னா, மறுபடி எதை எடுத்துப் பாக்கறது?”

இன்ஜின் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. செல்வராசு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவில், “நாப்பத்தொண்ணா எண்ணினீங்க?” என்று கேட்டார் இன்ஜினீயர்.

“கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சார். நடுவுல இன்னும் இருக்குது. என்னால எண்ண முடியல.”

அவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டார். “மணிவேலு! எறங்குடா. எறங்கி வந்து அந்தக் கல்ல எல்லாம் நீயே காட்டு இவங்களுக்கு.”

இன்ஜின் நின்றது.

நான் போனை அப்படியே செல்வராசுவின் காதில் வைத்தேன்.